எரர் ஆம்ப்ளிஃபயர் கிளாம்ப்புக்குக் காப்புரிமை: எக்ஸாமினர் ஏன் மறுக்கிறார், என்ன பதில் சொல்வது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் பவர் சப்ளை) ஐசி வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர், எரர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஒரு புது மாதிரியான கிளாம்ப் சுற்றை, அதாவது வோல்டேஜ் ஒரு மட்டத்தைத் தாண்டாமல் பிடித்து வைக்கும் சுற்றைச் சேர்த்திருக்கிறார். முதலில் இந்தியாவில், பிறகு அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து, விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் எக்ஸாமினரின் கருத்துகளைச் சொல்லும் முதல் ஆபீஸ் ஆக்‌ஷன் வந்திருக்கிறது. காப்புரிமை எதற்கு என்று எல்லை வகுக்கும் வாசகம்தான் கிளெய்ம்; முதல் கிளெய்மில் புதுமையே இல்லை என்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டியிருப்பது யுசி3842 என்ற பழைய பவர் சப்ளை கன்ட்ரோலர் ஐசியின் டேட்டாஷீட் (விவரத்தாள்). மற்ற கிளெய்ம்களை, அதோடு ஒரு கிளாம்ப் ஆம்ப்ளிஃபயரின் டேட்டாஷீட்டையும் சேர்த்து, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்று மறுத்திருக்கிறார்கள். "என் கிளாம்ப் அதைப் போன்றதே இல்லை. எக்ஸாமினருக்குச் சுற்று புரியவில்லையா? படத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர்களை அப்படியே கிளெய்மில் எழுதிவிட்டால் காப்புரிமை கிராண்ட் ஆகிவிடும் என்கிறார் வழக்கறிஞர். சரி என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்குச் சரி என்று சொல்லாதீர்கள். நீங்கள் கொடுத்த விவரத்தைப் பார்த்தால் எக்ஸாமினருக்குச் சுற்று நன்றாகவே புரிந்திருக்கிறது. உங்கள் முதல் கிளெய்மில்தான் உங்கள் சுற்று இல்லை. கிளாம்ப் ஒன்று இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கிளாம்ப் தன் மட்டத்தை எங்கிருந்து எடுக்கிறது, எந்த நிலையில் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதெல்லாம் பன்னிரண்டாம் பக்க விளக்கத்தில் கிடக்கிறது. இந்த வகை விண்ணப்பங்களில் சண்டை முழுவதும் இந்த மூன்றைப் பற்றியதுதான். கிளாம்ப் என்ற பொருளுக்கு இனி யாருக்கும் காப்புரிமை கிடைக்காது. அதன் மட்டம் வேறெதோடு எப்படி உறவு கொள்கிறது என்பதற்குக் கிடைக்கும்.

சுற்றிலிருந்தே தொடங்குவோம். கரண்ட் மோட் கன்வெர்ட்டரில், அதாவது இண்டக்டர் கரண்டைப் பார்த்து ஸ்விட்சை இயக்கும் வகையில், எரர் ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டு வோல்டேஜை ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெருக்கி காம்ப் (காம்பன்சேஷன்) என்ற பின்னில் தருகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இண்டக்டர் கரண்ட் எந்த உச்சம் வரை ஏறலாம் என்பதை அந்தக் காம்ப் வோல்டேஜ்தான் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டு லூப் நிலையாக இருப்பதற்காக அதே பின்னில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் இருக்கும். தொல்லை அந்தக் கெப்பாசிட்டரில் இருந்துதான் வருகிறது. ஏதோ ஒரு காரணத்தால் வெளியீடு எட்ட வேண்டிய வோல்டேஜை எட்ட முடியாமல் போனால், ஆம்ப்ளிஃபயர் விடாமல் கெப்பாசிட்டரை ஏற்றிக்கொண்டே இருக்கும். காரணம் நீங்கிய பிறகும், ஏறியது இறங்குவதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை கன்வெர்ட்டர் தேவைக்கு மேல் கரண்டைத் தள்ளுவதால் வெளியீடு எகிறிவிடும். கன்ட்ரோல் துறையில் இதற்கு வைண்டப் என்று பெயர்.

உங்கள் விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் கார் உதாரணம் நல்ல உதாரணம். குளிரில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது 12 வோல்ட் பேட்டரி பாதிக்கும் கீழே சரியக்கூடும். 5 வோல்ட் தர வேண்டிய பக் கன்வெர்ட்டருக்கு உள்ளே வருவதே 5 வோல்ட்டுக்குக் கீழே என்றால், டியூட்டி (ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு) உச்சத்தில் போய் நின்றுவிடும். வெளியீடு கொஞ்சம் குறைவாகவே இருக்கும். லோடு 1 ஆம்பியர்தான். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு அது தெரியாது. வெளியீடு குறைவாக இருப்பது மட்டும் தெரிவதால் காம்ப்பை மேலே தூக்கிக்கொண்டே போகிறது.

இங்கே சாதாரண, மட்டம் மாறாத கிளாம்ப் ஏன் உதவவில்லை என்பதை எண்களோடு பார்க்கலாம். காம்ப் 0.5 வோல்ட்டில் கரண்ட் பூஜ்யம், அதன் பிறகு ஒவ்வொரு ஆம்பியருக்கும் 0.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4 ஆம்பியர் வரை தரக்கூடிய கன்வெர்ட்டர் என்றால், கிளாம்ப்பை 2.1 வோல்ட்டுக்குக் கீழே வைக்க முடியாது. வைத்தால் முழு லோடைத் தர முடியாமல் போகும். இப்போது ஓடுவது 1 ஆம்பியர், அதற்குரிய காம்ப் 0.9 வோல்ட். ஆனால் காம்ப் 2.1-இல் போய் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி திரும்ப எழும்போது 1.2 வோல்ட் இறங்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரால் இழுக்க முடிந்தது 20 மைக்ரோ ஆம்பியர், கெப்பாசிட்டர் 10 நானோ ஃபாரட் என்றால் ஒரு மில்லி விநாடிக்கு 2 வோல்ட் இறங்கும். ஆக 0.6 மில்லி விநாடி. 400 கிலோ ஹெர்ட்ஸில் இது 240 சுழற்சிகள். தொடரில் இருக்கும் ரெசிஸ்டர் இதைக் கொஞ்சம் மாற்றும், அதை இப்போது விட்டுவிடலாம். உங்கள் கிளாம்ப், அந்தந்த நேரத்தில் உண்மையில் ஓடும் உச்சக் கரண்டை உணர்ந்து, அதற்குரிய மட்டத்துக்கு 0.1 வோல்ட் மட்டும் மேலே காம்ப்பைப் பிடித்து வைக்கிறது. இறங்க வேண்டியது 0.1 வோல்ட்தான் என்பதால் 50 மைக்ரோ விநாடியில், அதாவது 20 சுழற்சிகளில் வேலை முடிகிறது. இது அசலான தொழில்நுட்பப் பயன். எக்ஸாமினர் முன்னால் வைக்க வேண்டியது இதைத்தான்.

அவர் கையில் இருக்கும் முதல் கிளெய்மில் இதில் எதுவும் இல்லை. நீங்கள் அனுப்பியதைத் தமிழில் சுருக்கினால் இவ்வளவுதான்: வெளியீட்டை ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு எரர் சிக்னல் தரும் ஓர் ஆம்ப்ளிஃபயர், அந்த எரர் சிக்னலை ஒரு வரம்புக்குள் வைக்குமாறு அமைக்கப்பட்ட கிளாம்ப் சுற்று, அந்த எரர் சிக்னலைக் கொண்டு ஸ்விட்சை இயக்கும் கன்ட்ரோல் பகுதி. இப்போது யுசி3842-ஐ எடுத்துப் பாருங்கள். 1980-களில் யூனிட்ரோட் கொண்டுவந்த ஐசி. உள்ளே 2.5 வோல்ட் ரெஃபரன்ஸோடு ஒரு எரர் ஆம்ப்ளிஃபயர். அதன் வெளியீடு இரண்டு டையோடுகளைக் கடந்து, மூன்றில் ஒரு பங்காக வகுக்கப்பட்டு, 1 வோல்ட்டில் கிளாம்ப் செய்யப்பட்டு, கரண்டை உணர்ந்து ஒப்பிடும் கரண்ட் சென்ஸ் கம்பேரட்டருக்குப் போகிறது. உச்சக் கரண்ட் என்பது 1 வோல்ட்டைச் சென்ஸ் ரெசிஸ்டரால் வகுத்தால் வருவது என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. ஆம்ப்ளிஃபயர், எரர் சிக்னல், வரம்பு, ஸ்விட்ச் எல்லாம் வந்துவிட்டன. உங்கள் கிளெய்மின் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஒரு பொருள் இருக்கிறது.

"ஆனால் அந்தக் கிளாம்ப் வேறு இடத்தில் இருக்கிறதே" என்பீர்கள். உண்மைதான், நல்ல வாதமும்கூட. யுசி3842-இல் கிளாம்ப் இருப்பது வகுப்பானுக்குப் பிறகு. ஆம்ப்ளிஃபயரின் சொந்த வெளியீட்டை யாரும் பிடித்து வைப்பதில்லை; டேட்டாஷீட்டின்படியே அது 6 வோல்ட் அளவுக்குப் போகக்கூடியது. ஆகவே கரண்ட் வரம்புக்குள் இருக்கும், ஆனால் கெப்பாசிட்டர் ஏறியபடியேதான் கிடக்கும். நீங்கள் தீர்த்த நோயை அது தீர்க்கவே இல்லை. இருந்தாலும் உங்கள் கிளெய்ம் "எரர் சிக்னல்" என்று சொல்கிறதே தவிர, "ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு முனை" என்றோ "ஈடுசெய்யும் கெப்பாசிட்டர் இணைந்த முனை" என்றோ சொல்லவில்லை. டையோடைக் கடந்து, மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலும் அது எரர் சிக்னல்தானே என்று எக்ஸாமினர் கேட்டால் பதில் இருக்காது. பரிசோதனையின்போது கிளெய்மை அதன் நியாயமான அளவில் மிக விரிந்த பொருளில்தான் படிக்க வேண்டும் என்பது அமெரிக்க அலுவலகத்தின் விதி.

அந்த "நியாயமான அளவு" என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பவர் எலக்ட்ரானிக்ஸ் துறையிலிருந்தே அதற்கு ஓர் அருமையான வழக்கு இருக்கிறது. பவர் இன்டகிரேஷன்ஸ் நிறுவனத்தின் 6,249,876 எண் காப்புரிமை, பவர் சப்ளையின் ஸ்விட்சிங் அதிர்வெண்ணைச் சற்றே அசைத்து மின்காந்தத் தொல்லையைக் குறைப்பது பற்றியது. கிளெய்மில் ஒரு கவுண்டரும், அதோடு இணைக்கப்பட்ட டிஜிட்டல்-அனலாக் மாற்றியும் வரும். மறுபரிசோதனையில் அலுவலகம் காட்டிய பழைய சுற்றுகளில் கவுண்டருக்கும் மாற்றிக்கும் நடுவே ஒரு ஈப்ராம் (நினைவக ஐசி) இருந்தது. ஒரே சுற்றில் சேர்ந்திருந்தாலே இணைக்கப்பட்டதுதான், நடுவில் எது இருந்தாலும் பரவாயில்லை என்று அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் கிளெய்மைப் படித்தது. 2015-இல், காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், நீதிமன்றங்கள் ஏற்கெனவே கொடுத்த விளக்கத்தை வாரியம் கவனிக்கவே இல்லை என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. வாரியம் அதே நிலையில் நின்றது. 2018-இல் அந்த வாசிப்பே நியாயமற்ற அளவுக்கு விரிந்தது என்று சொல்லி நீதிமன்றம் மறுப்பை ரத்து செய்தது. அந்த முடிவுக்கு அடித்தளம், கவுண்டரே மாற்றியை இயக்கி அதிர்வெண்ணை மாற்றுகிறது என்று கிளெய்மின் சொற்களும் விளக்கமும் சேர்ந்து காட்டியதுதான்.

இதை உங்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் எல்லா இடத்திலும் "இணைக்கப்பட்ட" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஜெயித்தவர்களுக்கே மூன்று வருடம் கூடுதலாகப் பிடித்தது. இன்றைக்கு உங்கள் கையில் பேனா இருக்கிறது. கிளாம்ப் எந்த முனையில் இணைகிறது, அந்த முனையில் வேறென்ன இருக்கிறது, கிளாம்ப்புக்கு மட்டம் எங்கிருந்து வருகிறது என்று எழுதிவிடுங்கள்.

அடுத்து "அமைக்கப்பட்ட" என்ற சொல். கிளாம்ப் என்ன செய்கிறது என்று செயலால் விவரிப்பதில் தவறில்லை. ஆனால் பழைய சாதனம் எதுவும் மாற்றமில்லாமலே அந்தச் செயலைச் செய்யக்கூடியது என்றால் கிளெய்ம் விழுந்துவிடும். ஷ்ரைபர் வழக்கில், 1997, பாப்கார்னைக் கொஞ்சம் கொஞ்சமாக விழவைக்கும் கூம்பு வடிவ மூடிக்குக் காப்புரிமை கேட்டார்கள். எக்ஸாமினர் காட்டியது எண்ணெய் கேன்களுக்கான ஒரு பழைய கூம்பு. அது பாப்கார்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஆனாலும் அதே வடிவம் அதே வேலையைச் செய்யக்கூடியது என்று நீதிமன்றம் மறுப்பை உறுதி செய்தது. "வெளியீடு எகிறாமல் தடுக்குமாறு அமைக்கப்பட்ட கிளாம்ப்" என்று நீங்கள் எழுதினால், காம்ப் பின்னில், நிலையான மட்டத்தில் பிடிக்கும் ஒரு ஜீனர் டையோடைத் தொங்கவிட்ட எந்தப் பழைய சுற்றும் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். ஜீனரும் ஓரளவுக்கு எகிறலைக் குறைக்கத்தானே செய்கிறது!

"கிளாம்ப் சுற்று" என்ற தொடரையே வெறும் செயல் விவரிப்பாக எடுத்து, விளக்கத்தில் இருக்கும் உறுப்புகளோடு கட்டிப்போடுவார்களோ என்ற பயமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. பெரும்பாலும் மாட்டார்கள். லீனியர் டெக்னாலஜி, இம்பாலா லீனியர் நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கில், 2004-இல், "சர்க்யூட்" என்ற சொல்லோடு அதன் செயல்பாடும் விவரிக்கப்பட்டிருந்தால் துறை தெரிந்தவருக்கு அது ஒரு கட்டமைப்பையே சுட்டும் என்று ஃபெடரல் சர்க்யூட் சொல்லிவிட்டது. அதுவும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வழக்குதான். ஆனால் அந்த நிழலில் நிற்க, உள்ளீடு என்ன, வெளியீடு என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் கிளெய்மிலேயே வர வேண்டும்.

இனி இரண்டாவது மறுப்பு, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றும் என்பது. எக்ஸாமினர் எடுத்திருப்பது ஏடி8036 வகை கிளாம்ப் ஆம்ப்ளிஃபயர். அனலாக் டிவைசஸின் இந்த ஐசியில் சிறப்பு என்னவென்றால், வெளியீட்டைப் பிடிக்காமல் உள்ளீட்டுப் பக்கத்திலேயே கிளாம்ப் செய்வது. அதனால் ஓவர்டிரைவிலிருந்து (மிகை உள்ளீட்டிலிருந்து) மீள்வது நானோ விநாடிக் கணக்கில் நடக்கும். கிளாம்ப் மட்டத்தையும் வெளியிலிருந்து ஒரு வோல்டேஜாகக் கொடுக்கலாம். எக்ஸாமினரின் வாதம் இது: யுசி3842-இன் ஆம்ப்ளிஃபயர் இடத்தில் இப்படிப்பட்ட ஒன்றை வைத்தால் செறிவடைதல் (வெளியீடு எல்லையில் போய் ஒட்டிக்கொள்வது) தவிர்க்கப்படும், துறை தெரிந்தவர் அதைச் செய்திருப்பார், விளைவும் எதிர்பார்க்கக்கூடியதே. 2007-இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு இந்த மாதிரி வாதத்துக்கு நல்ல பலம் உண்டு. தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த முறையில் சேர்த்து எதிர்பார்த்த பலன் கிடைத்தால் காப்புரிமை இல்லை.

இதற்கு "ஏடி8036 வீடியோ சிக்னலுக்கானது, பவர் சப்ளைக்கானது இல்லை" என்று பதில் எழுதாதீர்கள். பலர் முதலில் எழுதுவது அதைத்தான், அது நிற்காது. வேறு துறையாக இருந்தாலும் உங்கள் சிக்கலுக்குப் பொருத்தமான ஆவணம் என்றால் எக்ஸாமினர் அதை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சிக்கல் ஆம்ப்ளிஃபயர் செறிவிலிருந்து மீள்வது, அதன் சிக்கலும் அதுவே.

நிற்கக்கூடிய பதில் சுற்றுக்குள் இருக்கிறது. ஏடி8036-இல் கிளாம்ப் மட்டம் வெளியிலிருந்து கொடுக்கும் ஒரு வோல்டேஜ். அதை இண்டக்டர் கரண்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று இரண்டு ஆவணங்களில் எதுவும் சொல்லவில்லை. யுசி3842-இலும் 1 வோல்ட் மட்டம் நிலையானது. அந்த நிலைத்தன்மைதான் உச்சக் கரண்ட் பாதுகாப்பாகவே வேலை செய்கிறது. கிளாம்ப்பை ஓடும் கரண்டோடு சேர்த்து நகரவிட்டால் யுசி3842-இன் கிளாம்ப் தன் சொந்த வேலையான அதிகபட்ச கரண்ட் வரம்பை இழந்துவிடும். பழைய சாதனத்தை அதன் நோக்கத்துக்கே பயன்படாதபடி மாற்ற வேண்டியிருந்தால் அப்படி மாற்றத் தூண்டுதல் இருந்ததாகச் சொல்ல முடியாது என்பது 1984-இன் கார்டன் வழக்கிலிருந்து வரும் விதி. உங்களுக்கு இது பொருந்துகிறது. அந்த வரம்பை உங்கள் சுற்று தனியாக ஒரு நிலையான கிளாம்ப்பால் கவனித்துக்கொள்கிறது என்று பத்தாம் படத்தில் காட்டியிருக்கிறீர்கள். இரண்டு கிளாம்ப்புகள் அருகருகே இருப்பதே, இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன என்பதற்கு நல்ல சாட்சி.

இன்னொன்று: வாதம் சாட்சியம் ஆகாது. வழக்கறிஞர் எழுதும் "இதனால் எகிறல் வெகுவாகக் குறைகிறது" என்ற வரிக்கு எக்ஸாமினர் மதிப்புத் தர வேண்டியதில்லை. அமெரிக்க அலுவலகத்தின் விதி 1.132-இன் கீழ் ஒரு டிக்ளரேஷன் (உறுதிமொழி அறிக்கை) தாக்கல் செய்யுங்கள். யுசி3842 வகையில் கம்பேரட்டர் பக்கம் கிளாம்ப், காம்ப் முனையில் நிலையான கிளாம்ப், உங்கள் நகரும் கிளாம்ப் என்று மூன்றுக்கும் ஒரே லோடு, ஒரே கெப்பாசிட்டர், ஒரே பேட்டரி வேவ்ஃபார்ம். மூன்றிலும் காம்ப்பையும் வெளியீட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்த அலைவடிவங்கள். சிலிக்கான் இருந்தால் ஆஸிலோஸ்கோப் படம், இல்லாவிட்டால் சிமுலேஷன். எது எதுவென்று தெளிவாகக் குறிப்பிட்டு. ஒப்பீடு நெருங்கிய பழைய சுற்றோடு இருக்க வேண்டும், கிளாம்ப்பே இல்லாத சுற்றோடு ஒப்பிட்டால் யாரையும் அசைக்காது.

அடுத்து வழக்கறிஞரின் யோசனை. டிரான்சிஸ்டர் அளவுக்குக் குறுக்கினால் கிராண்ட் கிடைக்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கிடைப்பதை வைத்து என்ன செய்வீர்கள்? எமிட்டர் ஃபாலோயர் (ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்று) கிளாம்ப் என்று எழுதினால், போட்டியாளர் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு அதே வேலையைச் செய்வார், அதுவும் இன்னும் நன்றாக. எமிட்டர் ஃபாலோயரின் மட்டம் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லி வோல்ட் நகரும். கழித்தல் 40 முதல் 125 டிகிரி வரை 330 மில்லி வோல்ட். உங்கள் 0.1 வோல்ட் இடைவெளியை அது விழுங்கிவிடும் என்பதால், ஈடுகட்டும் டிரான்சிஸ்டர் ஒன்றை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். அதையும் கிளெய்மில் எழுதினால் அதைத் தவிர்த்துவிட்டு வேறு வழியில் போவார்கள். கிராண்டுக்காகக் குறுக்கிய எல்லையைப் பிறகு "சமமானது" என்று சொல்லி மீட்கவும் பெரும்பாலும் முடியாது. 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஃபெஸ்டோ தீர்ப்பு அந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது.

மீறலைக் கண்டுபிடிப்பதையும் இப்போதே யோசியுங்கள். போட்டியாளரின் ஐசிக்குள் எந்த டிரான்சிஸ்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்க, சிப்பை அடுக்கடுக்காகச் சுரண்டிப் படமெடுக்க வேண்டும். செலவு அதிகம். ஆனால் காம்ப் வெளியே பின்னாக வருகிற கன்ட்ரோலர்களில் ஒரு ப்ரோப் வைத்தாலே போதும்: உள்ளீட்டைக் குறைத்து டிராப்அவுட்டுக்கு, அதாவது எட்ட வேண்டிய வெளியீட்டை எட்ட முடியாத நிலைக்குத் தள்ளுங்கள், லோடை 1 ஆம்பியரிலிருந்து 2-க்கு மாற்றுங்கள், காம்ப் தங்கும் மட்டமும் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கிளாம்ப் கரண்டைப் பின்தொடர்கிறது. இப்படி வெளியிலிருந்து அளக்கக்கூடிய நடத்தையை ஒட்டி எழுதிய கிளெய்ம், டிரான்சிஸ்டர்களை வரிசைப்படுத்திய கிளெய்மைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து.

நான் எழுதினால் முதல் கிளெய்ம் ஏறத்தாழ இப்படிப் போகும். ஈடுசெய்யும் கெப்பாசிட்டர் இணைந்த வெளியீட்டு முனை கொண்ட எரர் ஆம்ப்ளிஃபயர். இண்டக்டர் கரண்டைக் குறிக்கும் சிக்னலைத் தரும் கரண்ட் சென்ஸ் சுற்று. அந்தச் சிக்னலைப் பெற்று, அதோடு முன்கூட்டியே நிர்ணயித்த ஓர் இடைவெளியைக் கூட்டி, கரண்ட் மாறும்போது கூடவே மாறும் கிளாம்ப் ரெஃபரன்ஸை உருவாக்கும் சுற்று. டியூட்டி உச்சத்தில் இருக்கும்போது அந்த முனையின் வோல்டேஜ் கிளாம்ப் ரெஃபரன்ஸைத் தாண்டாமல், அந்த முனையிலிருந்து கரண்டை இழுக்கும் கிளாம்ப் சுற்று. இதில் டிரான்சிஸ்டர் எதுவும் இல்லை, ஆனால் யுசி3842-உம் ஏடி8036-உம் சேர்ந்தும் இதைத் தராது. நிலையான கிளாம்ப்போடு சேர்ந்து இயங்குவதை ஒரு சார்புக் கிளெய்மாகவும், வெப்பநிலை ஈடுகட்டலை இன்னொன்றாகவும் வையுங்கள். லேசான லோடில் காம்ப் ஒரேயடியாகக் கீழே விழாமல் தடுக்கும் கீழ் கிளாம்ப்பும் உங்களிடம் இருக்கிறது. அது தனிக் கதை, இந்தக் கிளெய்மில் கலக்காதீர்கள். ஒரு செய்முறைக் கிளெய்மும் தனியாக வேண்டும்: உணர்தல், கூட்டுதல், பிடித்தல், விடுதல் என்ற வரிசையில்.

ஒரு நிபந்தனை. மேலே சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் தாக்கல் செய்த நாளன்று இருந்த விளக்கத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். "முன்கூட்டியே நிர்ணயித்த இடைவெளி" என்று எங்கும் இல்லாமல், 0.1 வோல்ட் என்ற ஒரே உதாரணம் மட்டும் இருந்தால், அதைப் பொதுவாக்குவதற்கு எக்ஸாமினர் தடை சொல்லலாம். புதிதாக எதையும் நுழைக்க முடியாது. படத்தில் வெறும் பெட்டியாக "கிளாம்ப்" என்று போட்டிருந்தால் அந்தப் பெட்டிக்குள் இருப்பதை இப்போது வரைய முடியாது. பத்தி பத்தியாக உட்கார்ந்து சரிபார்த்துவிட்டு, பதிலில் எந்தப் பத்தி எதற்கு ஆதாரம் என்று குறிப்பிடுங்கள்.

பதில் அனுப்புவதற்கு முன் நீங்களே ஒரு தேடல் நடத்துவதும் அவசியம். டிராப்அவுட்டிலிருந்து மீளும்போது எகிறுவது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை, அதற்கான தீர்வுகளும் நிறைய வந்திருக்கின்றன. எக்ஸாமினர் முதல் முறை கண்டுபிடிக்காததை இரண்டாம் முறை கண்டுபிடிப்பார். நீங்கள் "கிளாம்ப்" என்று மட்டும் தேடினால், டிரான்ஸ்ஃபார்மர் கோரை ரீசெட் செய்யும் ஆக்டிவ் கிளாம்ப் கன்வெர்ட்டர்களும் வோல்டேஜ் துள்ளலை அடக்கும் ஸ்நப்பர்களும்தான் வந்து குவியும். 1984-இல் விஞ்சியாரெல்லி பெற்ற 4,441,146 அந்தக் குடும்பத்தின் மூத்தது. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆன்டி-வைண்டப், செறிவு தவிர்ப்பு, ஓவர்லோடு ரிகவரி, டிராப்அவுட் ரிகவரி, சாஃப்ட் ரிகவரி, காம்ப் லிமிட் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். காப்புரிமை வகைப்பாட்டில் எச்02எம் 3/156, 3/158, எச்02எம் 1/32 மூன்றையும் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கம் எச்03எஃப் 1/52-ஐயும் எச்03ஜி 11-ஐயும் விடாதீர்கள். ஸ்லோப் காம்பன்சேஷனால் (லூப் தடுமாறாமலிருக்கச் சேர்க்கும் சரிவால்) உச்சக் கரண்ட் குறைவதைச் சரிகட்ட, கிளாம்ப் மட்டத்தையே ஸ்லோப்போடு சேர்த்து நகர்த்தும் யோசனை 2000-களின் தொடக்கத்திலேயே காப்புரிமைகளில் வந்துவிட்டது. நகரும் கிளாம்ப் என்று பொதுவாகச் சொன்னால் அதில் மோதுவீர்கள். உங்களுடையது எதைப் பின்தொடர்கிறது என்பதுதான் உங்களைக் காப்பாற்றும்: அங்கே டியூட்டியையொட்டி ஓடும் ஸ்லோப், இங்கே உண்மையில் ஓடும் கரண்ட். கிடைத்த நெருங்கிய ஆவணங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் சட்டக் கடமை. தெரிவித்துவிட்டு வாங்கிய காப்புரிமைதான் வழக்கில் நிற்கும்.

அப்புறம், எழுத்தில் பதில் கொடுப்பதற்கு முன் எக்ஸாமினரிடம் இன்டர்வியூ கேளுங்கள். பவர் கன்வெர்ட்டர் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்கள் மின் பொறியியல் படித்தவர்கள். திருத்திய கிளெய்மின் வரைவும், மூன்று அலைவடிவங்கள் உள்ள ஒரே ஒரு பக்கமும் முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். கண்டுபிடிப்பாளராகிய நீங்களும் அழைப்பில் இருங்கள். பதில் தர பொதுவாக மூன்று மாதம். கட்டணம் கட்டி ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம், அதைத் தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அடுத்து ஃபைனல் (இறுதி மறுப்பு) வந்தாலும் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கட்டணத்தோடு பரிசோதனையைத் தொடரச் சொல்லிக் கேட்கலாம்.

இந்தியப் பக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டீர்கள். இங்கே வசிப்பவர் அனுமதி இல்லாமல் நேரே வெளிநாட்டில் தாக்கல் செய்வதைக் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு தடுக்கிறது. முதலில் இங்கே தாக்கல் செய்து, ஆறு வாரம் கழித்து அங்கே போனதால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் பரிசோதனை தானாக நடக்காது. படிவம் 18 கொடுக்க வேண்டும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு முன்னுரிமை நாளிலிருந்து (முதல் தாக்கல் நாளிலிருந்து) 31 மாதம், அதற்கு முந்தையவற்றுக்கு 48 மாதம். கிண்டியில் இருக்கும் சென்னை அலுவலகத்திலிருந்து முதல் பரிசோதனை அறிக்கை வந்தால் பதிலுக்கு ஆறு மாதம் இருக்கும்.

அந்த அறிக்கையில் 3(எஃப்) பிரிவை எதிர்பாருங்கள். தெரிந்த சாதனங்களை, ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்த விதத்தில் இயங்கும்படி, அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்கிற பிரிவு அது. சர்க்யூட் விண்ணப்பங்களுக்கு இது அடிக்கடி வரும். பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாட்டுக்கும் கண்டுபிடிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1978-இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது. உங்கள் பதில் அமெரிக்கப் பதிலின் அதே சாரம்தான்: கரண்ட் சென்ஸ் சுற்றும் கிளாம்ப்பும் தனித்தனியே இயங்கவில்லை, ஒன்றின் வெளியீடு மற்றொன்றின் மட்டம். ஆனால் திருத்தும் முறையில் இங்கே கெடுபிடி அதிகம். 59-ஆம் பிரிவின்படி, திருத்திய கிளெய்ம் முழுவதும் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். உங்கள் இந்திய முதல் கிளெய்ம் விரிவாக இருப்பதால் நகரும் கிளாம்ப்புக்குக் குறுக்குவதில் தடையில்லை. செய்முறைக் கிளெய்ம்தான் இடறும், ஏனென்றால் இந்தியத் தாக்கலில் அப்படி ஒன்று இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை. அதை முதலில் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், இங்கே சாதனக் கிளெய்மை மட்டும் வலுவாக்குவதற்கு இப்போதே உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்துவிடுங்கள்.